கிளட்ச் லைனில் ஏர் எடுப்பது: காற்றுக்கு மேலே போகத்தான் தெரியும்

பெடலை ஒரு முறை மிதித்தால் கியர் விழவில்லை. மூன்று முறை அடுத்தடுத்து மிதித்தால் விழுகிறது. இந்தக் குறையோடு ஒரு வண்டி வந்தால் நான் கியர்பாக்ஸைத் தொடுவதில்லை. பானெட்டைத் திறந்து, கிளட்சுக்கும் ஊற்றும் பிரேக் ஆயிலின் டப்பாவைத்தான் முதலில் பார்ப்பேன். கிளட்ச் லைனில், அதாவது பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் ஆயில் குழாயில், காற்று புகுந்திருப்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அடுத்தடுத்து மிதிக்கும்போது பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் ஆயிலை உள்ளே தள்ளுகிறது. அது காற்றை நெருக்கிப் பிடிக்க, கீழே கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் ஒருவழியாக அசைகிறது. ஒரு நிமிடம் விட்டுவிட்டு மிதித்துப் பாருங்கள், பெடல் மறுபடியும் பஞ்சாகத்தான் இருக்கும்.

பட்டறையில் இந்த வேலையை 'ஏர் எடுப்பது' என்போம். 25 ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். இதைத் தவறாகச் செய்பவர்கள் எல்லோரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்: பெடலைப் பலமாக மிதித்துக் காற்றை விரட்டப் பார்க்கிறார்கள். காற்றுக்கு மேலே போகத்தான் தெரியும். நாமோ அதை வண்டியின் அடியில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் வழியாக வெளியேற்ற முயல்கிறோம். இந்த இழுபறியை மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்தால் பெரும்பாலான வண்டிகளை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். மறந்தால் ஒரு லிட்டர் ஆயிலைக் கொட்டித் தீர்த்தாலும் பெடல் எழாது.

ஒரே ஒரு மில்லிலிட்டர்

இவ்வளவு சிறிய காற்றா இவ்வளவு தொல்லை செய்கிறது என்று பலர் கேட்பதுண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 16 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு மிதியில் அது தள்ளும் ஆயில் வெறும் 6 மில்லிலிட்டர்தான். கீழே 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்லேவ் சிலிண்டர் இருந்தால், அந்த ஆயிலுக்கு அதன் பிஸ்டன் சுமார் 21 மில்லிமீட்டர் நகரும். இப்போது லைனில் 1 மில்லிலிட்டர் காற்று இருக்கிறது. அழுத்தம் ஏறியதும் அது ஏறக்குறைய இல்லாத அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த இடத்தை நிரப்பவே ஆயிலில் ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஸ்லேவ் பிஸ்டனின் நகர்வில் மூன்றரை மில்லிமீட்டர் குறைகிறது.

கிளட்ச் டிஸ்க் முழுதாக விடுபடுவதற்குத் தேவையானதே அந்தக் கடைசி மூன்று நான்கு மில்லிமீட்டர்கள்தாம். அவை இல்லாவிட்டால் டிஸ்க் இழுத்துக்கொண்டே சுற்றும். முன்னோக்கிச் செல்லும் கியர்களில், சுற்றும் வேகங்களை ஒன்றாக்கும் சிங்க்ரோ வளையம் கொஞ்சம் சமாளிக்கும். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு அந்த வளையம் கிடையாது. அதனால்தான் 'கர்ர்' என்ற சத்தம் முதலில் அங்கே கேட்கிறது.

முதலில், காற்று எப்படி வந்தது?

இதைக் கேட்காமல் ஸ்பானரை எடுக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டரையோ ஸ்லேவையோ ஹோஸையோ இப்போதுதான் மாற்றினீர்கள் என்றால் காற்று இருப்பது இயல்பு. யாரும் எதையும் கழற்றாமல் காற்று வந்திருந்தால், எங்கோ ஆயில் கசிகிறது.

பிரேக்குக்கும் கிளட்சுக்கும் இருக்கும் ஒரு வித்தியாசம் இங்கே உதவும். பிரேக் பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் இறங்கும், அது இயல்பு. கிளட்சில் நேர் எதிர். டிஸ்க் தேயும்போது, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்கள், ஸ்லேவ் தள்ளும் ரிலீஸ் பேரிங்கை நோக்கி வருகின்றன. ஸ்லேவ் பிஸ்டன் பின்னால் தள்ளப்படுகிறது. ஆயில் டப்பாவுக்குத் திரும்புகிறது. ஆகவே கிளட்சுக்கென்று தனி டப்பா உள்ள வண்டியில் மட்டம் இறங்கியிருந்தால் அது தேய்மானத்தால் இருக்க முடியாது. கசிவுதான்.

பார்க்க வேண்டிய இடங்கள் அதிகமில்லை. பெடலுக்கு மேலே, மாஸ்டர் சிலிண்டரின் கம்பி நுழையும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். கால் மிதியடி ஈரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு வண்டிக்கு அடியில் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை ஓரத்தில் மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளிருந்து ஆயில் வடிந்தால் சீல் போய்விட்டது. ஏர் எடுத்துப் பயனில்லை, ஸ்லேவை மாற்றியே ஆக வேண்டும். ஸ்லேவ் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே வளையமாக அமைந்த வண்டிகளில் இப்படிப் பார்க்க முடியாது. கியர்பாக்ஸும் எஞ்சினும் சேரும் இடத்தின் அடியில் ஆயில் சொட்டுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

எங்கும் ஈரமே இல்லை, ஆனால் பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போது கியர் போட்ட வண்டி மெல்ல நகரத் தொடங்குகிறது என்றால், மாஸ்டர் சிலிண்டருக்கு உள்ளேயே ஆயில் சீலைத் தாண்டித் திரும்புகிறது. அதையும் ஏர் எடுத்துச் சரிசெய்ய முடியாது.

இன்னொன்றும் உண்டு. காலையில் நன்றாக இருக்கும் பெடல், நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு தளர்ந்துபோகிறது, ஆறியதும் சரியாகிறது. இது பழைய ஆயிலின் வேலை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறிய பிறகு அதற்கு வைத்திருக்கும் வரம்பு 155 டிகிரிதான். கிளட்சின் சூட்டில் அது ஆவியாகிக் குமிழியிடும். இதற்கு ஏர் எடுப்பது மட்டும் போதாது, லைனில் இருக்கும் ஆயில் முழுவதையும் மாற்ற வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

புதிதாக மூடி உடைத்த பிரேக் ஆயில், நிப்பிளுக்கு (காற்றை வெளியேற்ற ஸ்லேவில் இருக்கும் துளையுள்ள திருகு) பொருந்தும் ரிங் ஸ்பானர், நிப்பிளில் இறுக்கமாக மாட்டக்கூடிய ஒளி ஊடுருவும் மெல்லிய குழாய், ஒரு பாட்டில், பழந்துணி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு வாளி தண்ணீர், பெடல் மிதிக்க ஓர் ஆள். தண்ணீர் எதற்கு என்றால், இந்த ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். சிந்திய உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பெயின்ட் தப்பும். துணியால் தேய்த்தால் பரவும்.

எந்த ஆயில் என்பது டப்பாவின் மூடியிலேயே அச்சாகியிருக்கும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே கிளைக்கால் குடும்பம். டாட் 5 மட்டும் சிலிக்கான். பெயர் ஒத்திருக்கிறதே என்று அதை மற்றவற்றோடு கலந்துவிடாதீர்கள். நாம் வாய்ப்பழக்கமாக 'ஆயில்' என்கிறோமே தவிர இது எண்ணெய் இனமே அல்ல. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிப்போகும். பிறகு மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதுதான். மிகச் சில வண்டிகளில் மினரல் ஆயில் ஊற்றச் சொல்லியிருப்பார்கள். அங்கே நேர்மாறாக, பிரேக் ஆயில் ஆகாது. மூடியைப் படியுங்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். அடியில் படுக்க வேண்டுமென்றால் ஸ்டாண்ட் கொடுத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூடத் தலையை உள்ளே நீட்டாதீர்கள்.

மிதி, பிடி, விடு

எனக்குப் பெடல் மிதிப்பவள் என் மகள். அவளுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: "நான் 'விடு' என்று சொல்லும்வரை பெடலில் இருந்து கால் எழக் கூடாது." நிப்பிள் திறந்திருக்கும்போது பெடல் ஒரு விரற்கடை மேலே வந்தாலும் குழாயில் இருப்பதை லைன் உள்ளே இழுத்துக்கொள்ளும். பத்து மிதியில் எடுத்த காற்று ஒரு நொடியில் திரும்பிவிடும். அதனால் நாங்கள் இருவரும் சொல்லைச் சொல்லால் கட்டுவோம். நான் "மிதி" என்பேன். அவள் பெடலை நிதானமாகக் கீழே கொண்டுபோய், "பிடித்திருக்கிறேன் அப்பா" என்பாள். அந்தப் பதில் வந்த பிறகே நிப்பிளை அரைச் சுற்றுத் திறப்பேன். குழாயில் ஆயிலும் குமிழியும் சீறி வரும். அந்த வேகம் அடங்குவதற்கு முன் நிப்பிளை மூடிவிட்டு "விடு" என்பேன். அவள் பெடலை மெதுவாக விடுவாள். மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு அடுத்த "மிதி".

அந்த மூன்று நொடிகளை விட்டுவிடாதீர்கள். பெடல் முழுதாக மேலே வந்தால்தான் மாஸ்டர் சிலிண்டரில் டப்பாவுக்குப் போகும் சிறிய துளை திறக்கும். அதன் வழியாகத்தான் புதிய ஆயில் உள்ளே இறங்குகிறது. லைனில் நிறையக் காற்று இருக்கும்போது பெடல் தானாக எழாமல் தரையிலேயே படுத்துவிடும். பதற வேண்டாம், கால் விரலை அடியில் கொடுத்தோ கையாலோ மேலே தூக்கிவிடுங்கள். நான்கைந்து முறைக்குப் பிறகு தானாகவே எழத் தொடங்கும்.

படபடவென்று பம்ப் அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அடித்தால் ஒரு பெரிய குமிழி நூறு சிறு குமிழிகளாக உடைந்து ஆயிலோடு நுரையாகக் கலந்துவிடும். பெரிய குமிழியை ஒரே மிதியில் வெளியே தள்ளிவிடலாம். நுரை அப்படி வராது. நுரை கட்டிவிட்டது என்று தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் வண்டியை அப்படியே விடுங்கள்.

குழாயை நிப்பிளில் இருந்து முதலில் மேல்நோக்கி வளைத்து, பிறகு பாட்டிலுக்குள் இறக்குங்கள். குழாயின் நுனி பாட்டிலில் இருக்கும் ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். அந்த வளைவில்தான் என் கண் இருக்கும். முதல் இரண்டு மூன்று மிதிக்கு கருத்த ஆயிலோடு நீளநீளமான காற்றுத் துண்டுகள் வரும். பிறகு கடுகளவு குமிழிகள் கோத்துவிட்டதுபோல வரும். அதன்பின் ஊசிமுனையளவில் ஒன்றிரண்டு. இங்கேதான் பலர் 'முடிந்தது' என்று எழுந்துவிடுகிறார்கள். குமிழி இல்லாத மிதிகள் தொடர்ந்து ஐந்தாவது வரும்வரை நான் எழுவதில்லை. பல நேரம் மூன்றாவது சுத்தமான மிதிக்குப் பிறகு, ஹோஸின் ஏதோ ஒரு வளைவில் தங்கியிருந்த பெரிய குமிழி திடீரென்று வந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

நாலைந்து மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா உள்ள வண்டிகளில் இது மிக முக்கியம். அவற்றில் கிளட்சுக்கு ஆயில் போகும் வாய் டப்பாவின் அடியில் இருக்காது, பக்கவாட்டில் உயரத்தில் இருக்கும். கிளட்ச் லைன் கசிந்தாலும் பிரேக்குக்கு ஆயில் மிஞ்ச வேண்டும் என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் நம் வேலையில் அதன் பொருள், டப்பாவில் பாதி ஆயில் இருக்கும்போதே கிளட்ச் காற்றைக் குடிக்கத் தொடங்கிவிடும் என்பது. மட்டத்தை எப்போதும் மேல் கோட்டருகே வைத்திருங்கள். பாட்டிலில் பிடித்த ஆயிலைத் திரும்ப டப்பாவில் ஊற்றாதீர்கள்.

நிப்பிள் துருப்பிடித்துத் திறக்க மறுத்தால் திறந்த வாய் ஸ்பானரால் நெம்பாதீர்கள், மூலைகள் மழுங்கிவிடும். துரு இளக்கும் ஸ்பிரேயை முந்தைய இரவே அடித்துவிட்டு, மறுநாள் ரிங் ஸ்பானரால் முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை அசைத்து, பிறகு திறவுங்கள். மூடும்போது மணிக்கட்டின் பலம் போதும். அது உள்ளே துளையுள்ள சிறிய திருகு, எளிதில் முறியும்.

பெடல் எழவில்லை என்றால்

பட்டறையில் சேர்ந்து இரண்டாவது ஆண்டு. ஒரு வண்டிக்கு நானே ஸ்லேவ் சிலிண்டரை மாற்றினேன். ஏர் எடுத்தேன், குமிழியே இல்லாமல் ஆயில் சுத்தமாக வந்தது. பெடல் மட்டும் பாதிக்கு மேல் பிடிக்கவில்லை. மறுநாளும் எடுத்தேன். மூன்றாம் நாள் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றினேன். அதே பெடல். வண்டிக்காரர் மூன்று நாளும் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அவர் முகம் இன்னும் நினைவிருக்கிறது. கடைசியில் பட்டறையின் மூத்த மெக்கானிக் அடியில் படுத்து, ஸ்லேவை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தச் சிலிண்டருக்குள் காற்று எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டார். "மேலே" என்றேன். "உன் நிப்பிள் எங்கே இருக்கிறது?"

அந்த ஸ்லேவில் மேலும் கீழுமாக ஒரே அளவில் இரண்டு துளைகள். ஹோஸை மேல் துளையிலும் நிப்பிளைக் கீழ்த் துளையிலும் மாட்டியிருந்தேன். மூன்று நாளும் அடியில் இருந்த ஆயில்தான் வெளியே வந்தது. மேலே தங்கியிருந்த காற்று அசையவே இல்லை. இரண்டையும் இடம் மாற்றி மாட்டியதும் பத்து நிமிடத்தில் பெடல் எழுந்தது.

ஆகவே குமிழி வராமலும் பெடல் எழாமலும் இருந்தால், நிப்பிள்தான் ஸ்லேவின் உச்சியில் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி சாய்ந்து நின்றாலும் உச்சி மாறிவிடும். ஸ்லேவ் வெளியே இருக்கும் வண்டி என்றால் அதன் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, ஹோஸ் நுழையும் வாய் மேலே இருக்கும்படி ஸ்லேவைத் தூக்கிப் பிடித்து, அதன் கம்பியைக் கட்டைவிரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். நிப்பிள் மூடியே இருக்கட்டும். ஆயிலும் காற்றும் லைன் வழியாக மேலேறி டப்பாவில் குமிழியாக வெடிக்கும். கம்பியை மெதுவாக வெளியே வரவிட்டு மறுபடி அழுத்துங்கள். எட்டுப் பத்து முறை. காற்றை அது விரும்பும் திசையிலேயே அனுப்புவதால் இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே எச்சரிக்கை: ஸ்லேவ் கழன்றிருக்கும்போது யாரும் பெடலைத் தொடக் கூடாது. தொட்டால் பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும். இந்த நேரத்தில் மகளை வண்டியிலிருந்தே இறக்கிவிடுவேன்.

ஸ்லேவ் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் வண்டிகளில் கீழிருந்து மேலே அனுப்ப ஒரு பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்ச் போதும். முதலில் வழக்கம்போலப் பெடல் மிதித்து ஏர் எடுத்துப் பழைய அழுக்கு ஆயிலை வெளியேற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அழுக்கு மாஸ்டருக்குப் போகும். டப்பாவில் பாதியை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வழிந்துவிடும். சிரிஞ்சையும் குழாயையும் காற்றில்லாமல் புதிய ஆயிலால் நிரப்பி நிப்பிளில் மாட்டி, திறந்து, மெல்ல அழுத்துங்கள். அழுத்தத்தை விடாமலே நிப்பிளை மூட வேண்டும்.

இவ்வகை வண்டிகள் சிலவற்றில் நிப்பிளே இருக்காது. குழாய் இணையும் இடத்தில் ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். அதை நெம்பி, குழாயை ஒரு படி மட்டும் வெளியே இழுத்தால் ஆயில் வழி திறக்கும். இரண்டாவது படிக்கு இழுத்தால் குழாய் கையோடு வந்துவிடும். முதல் படியில் 'டக்' என்று விரலுக்குத் தெரியும், அங்கேயே நிறுத்துங்கள்.

வாக்குவம் பம்ப் வைத்து எடுப்பவர்கள், குமிழி நிற்கவே இல்லை என்று சொல்வதுண்டு. பல நேரம் அது லைனில் இருந்து வருவதல்ல. தளர்ந்த நிப்பிளின் மரைகள் வழியாக வெளிக்காற்றைப் பம்ப் இழுக்கிறது. மரைகளைச் சுற்றிக் கிரீஸ் தடவிவிட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

சோதனை

எஞ்சினை ஓட்டத்தில் வைத்து, கைபிரேக் போட்டு, முன்னும் பின்னும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெடலை ஒரே முறை முழுதாக மிதித்து, நான்கு நொடி பொறுத்து, ரிவர்ஸ் போடுங்கள். சத்தமின்றி விழ வேண்டும். பெடலைப் பிடித்தபடியே அரை நிமிடம் இருங்கள். வண்டி தவழ முயலக் கூடாது. டப்பாவின் மூடியை மூடும்முன் அதன் உள்ளே இருக்கும் ரப்பர் மடிப்பு கீழே உறிஞ்சப்பட்டு நீண்டிருந்தால் மடித்து உள்ளே தள்ளிவிடுங்கள். பழைய ஆயில் நஞ்சு. குடிநீர் பாட்டிலில் பிடித்து ஓரமாக வைக்காதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். பழைய எஞ்சின் ஆயிலோடு கலக்காமல், மேலே பெயர் எழுதிய தனிக் கேனில் சேர்த்து, கழிவு ஆயில் வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

மறுநாள் காலை எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் பெடலை ஒரு முறை மிதித்துப் பாருங்கள். இரவில் ஏதாவது ஒரு சிறு குமிழி மேலேறி மாஸ்டரில் வந்து தங்கியிருந்தால் முதல் மிதி சற்றுத் தளர்வாகவும் அடுத்தது உறுதியாகவும் இருக்கும். அது டப்பாவுக்குப் போய்விட்டது என்று பொருள். அதற்கடுத்த காலையும் அப்படியே இருந்தால் கசிவை மறுபடி தேடுங்கள். முதல் மிதியே உறுதியாக இருந்தால் ஒருமுறை குனிந்து, நிப்பிளின் ரப்பர் மூடியை மாட்டினோமா என்று பாருங்கள். மூடி இல்லாத நிப்பிளின் துளையில் சேறும் தண்ணீரும் தங்கித் துரு ஏறும்; அடுத்த முறை ஸ்பானர் வைத்ததும் அது முறியும்.